குப்பைமேனியைச் சிரங்குக்குப் பூசலாம். பூச்சிக்குக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி
எழுதியவர்: திருப்பாதிரிப்புலியூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஆறு வயது ஆகிறது. சில நாட்களாக அவனுடைய விரல் இடுக்குகளிலும், மணிக்கட்டின் உட்புறத்திலும், இடுப்பைச் சுற்றியும் சிறு சிறு கொப்புளங்கள் தோன்றியிருக்கின்றன. பகலில் ஓரளவு அடங்கியிருக்கும் அரிப்பு, இரவில் படுத்தவுடன் அவனைத் தூங்கவிடாத அளவுக்குக் கூடிவிடுகிறது. சொறிந்து சொறிந்து இரண்டு இடங்களில் புண்ணாகி நீர் வடிகிறது. அவன் வகுப்பில் வேறு சில பிள்ளைகளுக்கும் இதே தொல்லை இருப்பதாகக் கேள்வி.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த என் மாமியார், இது சாதாரணச் சிரங்குதான், குப்பைமேனி இலையைக் கல்லுப்பு வைத்து அரைத்துப் பூசிக் குளிக்க வைத்தால் போய்விடும் என்கிறார். அதோடு, பையன் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான், சாப்பாடும் சரியாக இறங்கவில்லை, ஆகவே வயிற்றில் பூச்சியும் இருக்கிறது என்று முடிவு செய்து, அதே இலையின் சாற்றை வெள்ளைப்பூண்டு சேர்த்து வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். தம் பிள்ளைகள் நால்வரையும் அப்படித்தான் வளர்த்ததாகச் சொல்கிறார். அவருடைய கைப்பக்குவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும், பூசுவதற்கு மனம் ஒப்புகிற அளவுக்கு உள்ளுக்குக் கொடுக்க ஒப்பவில்லை. என் கணவர் இந்த விவகாரத்தில் எந்தப் பக்கமும் சேராமல் நழுவிவிடுகிறார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், சாக்கடை ஓரச் சுவரை ஒட்டி, மழைக்குப் பிறகு முளைத்த செடிகள் நிறைய இருக்கின்றன. அவை குப்பைமேனிதானா என்று எப்படி உறுதி செய்வது? அந்த இடத்து இலையைப் பயன்படுத்தலாமா? பூசுவது, உள்ளுக்குக் கொடுப்பது ஆகிய இரண்டில் எது சரி, எது தவறு? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: ஊசுட்டேரி உலாவி

சகோதரி, செடியை அடையாளம் காண்பது பற்றி மட்டும் எழுதுகிறேன். மருந்தைப் பற்றி அதை அறிந்தவர்கள் எழுதட்டும்.

குப்பைமேனியின் தாவரவியல் பெயர் அகாலிஃபா இண்டிகா. லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் பெயர் இடம்பெற்றுவிட்டது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், அந்தக் குடும்பத்தின் அம்மான் பச்சரிசியைப் போலக் கிள்ளினால் பால் வடியாது. முதலில் செடியை நேர் மேலிருந்து பாருங்கள். கீழ் இலைகளின் காம்பு நீளமாகவும், மேலே போகப் போகக் குட்டையாகவும் இருப்பதால், ஓர் இலை மற்றோர் இலையை மறைக்காமல், எல்லா இலைகளும் வெயிலுக்கு முகம் காட்டியபடி அடுக்கப்பட்டிருக்கும். இலையின் ஓரம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருக்கும். அடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்திலிருந்து எழும் பூங்கதிரைக் கவனியுங்கள். கதிரின் கீழ்ப்பகுதியில், பல் வெட்டிய பச்சைக் கிண்ணம் போன்ற செதில்கள் இருக்கும். பெண் பூக்கள் அவற்றுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கிண்ணங்களே குப்பைமேனியின் கையெழுத்து. ஆண் பூக்கள் கதிரின் மேற்பகுதியில் பொடிப்பொடியாக இருக்கும். பூக்காத இளஞ்செடியாக இருந்தால் பறிக்காதீர்கள். கதிர் வரும்வரை காத்திருந்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

ரம்பப் பல் இலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் செந்தட்டியில் கை வைத்துவிடுவது உண்டு. காஞ்சொறி என்றும் அதைச் சொல்வார்கள். அது வேலியில் சுற்றிப் படரும். குப்பைமேனியோ நிமிர்ந்து நிற்கும், பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. செந்தட்டியின் சுணை பட்டால் தோல் தடித்து எரியும். ஏற்கெனவே சிரங்கால் அவதிப்படும் குழந்தையின் உடம்பில் அதை அரைத்துப் பூசினால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூனை வளர்க்கும் வீடாக இருந்தால் இன்னொரு சோதனையும் இருக்கிறது. குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டால், பூனை தேடி வந்து வேரை மென்று, அதன் மேலேயே புரண்டு, வாயில் எச்சில் ஒழுகக் கிடக்கும். பூனைவணங்கி என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதன் காரணம் அதுதான். மேற்கு நாடுகளில் பூனைப் புதினா என்று ஒரு செடி உண்டு. அதில் பூனையை மயக்கும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒன்று குப்பைமேனி வேரில் இருப்பதாக வேதியியலார் கண்டிருக்கிறார்கள். தொட்டியில் வளர்க்க நினைப்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பூனையுள்ள தெருவில் அந்தத் தொட்டி பிழைக்காது.

சாக்கடை ஓரத்து இலை வேண்டாம். சுவரோரம் என்றால் நாய் காலைத் தூக்கும் இடம் என்றும் பொருள். நெடுஞ்சாலை ஓரம், களைக்கொல்லி தெளித்த வயல் வரப்பு, தொழிற்பேட்டைக் கழிவு நீர் ஓடும் பகுதி ஆகியவற்றையும் தவிருங்கள். கடலூரில் இருப்பவருக்கு இந்தக் கடைசி எச்சரிக்கையை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். முற்றிய கதிரைக் கொண்டுவந்து ஒரு தொட்டி மண்ணில் உதிர்த்துவிட்டால், கேட்பாரின்றித் தானே முளைத்துவிடும். புதுச்சேரியில் வசிப்பவர்களுக்கு, செடியில் ஐயம் தீரவில்லை என்றால், பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர் தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.


மறுமொழி 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற சித்த மருந்தாளுநர், வில்லியனூர்

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதில் பாதி முறைதான். அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். மறு பாதியில்தான் பேச்சு இருக்கிறது.

சித்த மருத்துவ வழக்கில் குப்பைமேனிக்கு இரண்டு முகங்கள் உண்டு. வெளிப் பூச்சாகச் சொறி, சிரங்கு, படை, விடக்கடி, ஆறாத புண், மூட்டு வலி ஆகியவற்றுக்கு அது பயன்பட்டு வந்திருக்கிறது. நெடுநாள் படுத்திருப்பவர்களின் படுக்கைப் புண்ணில் உலர்ந்த இலைப் பொடியைத் தூவுவதும் வழக்கம். உள் மருந்தாகக் கோழையை அறுக்கவும், மலத்தை இளக்கவும், குடற்பூச்சியை வெளியேற்றவும், மூல நோய்க்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாற்றின் அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி, இன்னும் கூடினால் பேதி. கோழை கட்டிய குழந்தைக்கு அந்தக் காலத்து வைத்தியர் சாறு புகட்டியதே வாந்தி வரவழைத்துக் கோழையை வெளியேற்றத்தான். பக்கத்தில் உட்கார்ந்து, நாடியையும் நாக்கையும் பார்த்து, மோரும் கஞ்சியும் தயாராக வைத்துக்கொண்டு செய்த வேலை அது. அதை இன்று ஒருவர் எழுதி வைக்க, மற்றொருவர் படித்துவிட்டுச் சங்கில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. அதனால்தான் குழந்தைகளுக்கான உள் அளவை நான் பொதுவெளியில் எழுதுவதில்லை. கர்ப்பிணிகளும் இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது.

இனி வெளிப்பூச்சு. கல்லுப்புச் சேர்த்து அரைப்பது தோல் கிழியாத சிரங்குக்கு உரிய முறை. உங்கள் மகனுக்கு நீர் வடியும் புண் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் உப்பு பட்டால் குழந்தை வீறிட்டு அலறும், பிறகு குளியலறைப் பக்கமே வரமாட்டான். அத்தகைய நிலையில் எங்கள் பக்கத்தில் எண்ணெயாகக் காய்ச்சித்தான் போடுவார்கள். கதிர் வந்த செடியின் முற்றிய இலைகளை மூன்று தண்ணீரில் அலசி, ஈரம் வடிய விட்டு, அம்மியில் அரைத்துத் துணியில் பிழிந்து சாறு எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க்குச் சம அளவு சாறு சேர்த்து, அடி கனத்த இரும்புச் சட்டியில், சிறு தீயில், கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். வேப்பிலைச் சாறும் சிறிது சேர்ப்பவர்கள் உண்டு. முதலில் சடசடவென்று பொரியும்; பச்சை நுரை கிளம்பும்; பிறகு சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். சத்தம் அடங்கிவிட்டது என்று உடனே இறக்கிவிடக் கூடாது. அடியில் தங்கும் கசடைக் கரண்டியால் எடுத்து ஆறவிட்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். மெழுகு போலத் திரண்டால் மெழுகுப் பதம். நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம். பூச்சு எண்ணெய்க்கு மணல் பதத்தை நெருங்கி இறக்குவதே எனக்குப் பழக்கம். நீர் முழுவதும் வற்றிவிட்டதா என்று அறிய, ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவோம். படபடவென்று வெடிக்காமல் நின்று எரிந்தால் எண்ணெய் தயார். வெடித்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. அந்த எண்ணெய் சீக்கிரத்தில் சிக்கெடுத்துக் கெட்டுப்போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, இரவில் கூடும் அரிப்பு, கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே தொல்லை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இது தோலைத் துளைத்து உள்ளே வாழும் சிற்றுண்ணியால் வரும் சிரங்காகத்தான் தோன்றுகிறது. அப்படியானால் எண்ணெய் அரிப்பைத் தணிக்கும், புண்ணை ஆற்றவும் உதவும். ஆனால் உண்ணியை அதுவே வேரோடு ஒழிக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். பழைய வைத்தியர்களே இதற்குக் கந்தகக் களிம்பைத்தான் பெரிதும் நம்பினார்கள். நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது. மாமியாருக்கும் மன நிறைவு கிடைக்கும்.


மறுமொழி 3
எழுதியவர்: கெடிலக்கரை

இலைச் சாறு குடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். எங்கள் வீட்டில் பாட்டி கொடுத்தார், அம்மா கொடுத்தார், ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. கடையில் விற்கும் குப்பைமேனிச் சோப்பை நூறு ரூபாய் கொடுத்து வாங்குவார்கள். கொல்லையில் இலவசமாக முளைத்திருப்பதைப் பார்த்தால் ஆயிரம் ஐயம் வரும். மாமியார் சொல்வதைச் செய்யுங்கள் அம்மா. எதற்கெடுத்தாலும் மருந்துக் கடைக்கு ஓடுவதால்தான் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் போகிறது.


மறுமொழி 4
எழுதியவர்: இரவுப்பணிச் செவிலி, புதுச்சேரி

கெடிலக்கரை ஐயாவின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதே உண்மையாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், யாருக்கு ஆகாது என்பது குழந்தையின் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

ஜி6பிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நொதி ஒன்று நம் சிவப்பணுக்களில் இருக்கிறது. சில மருந்துகளும் சில பொருள்களும் உடம்புக்குள் போகும்போது சிவப்பணுக்கள் சிதையாமல் காப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு எந்த அடையாளமும் தெரியாது. ஓடி ஆடி நன்றாகவே இருப்பார்கள். ஆகாத ஒன்று உள்ளே போன சில நாட்களுக்குள் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்து, கண் மஞ்சளாகி, முகம் வெளிறி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். குப்பைமேனி அந்த ஆகாத பொருள்களில் ஒன்று. இலங்கையில் இலைக்கஞ்சி குடிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. குப்பைமேனி சேர்த்த கஞ்சியைக் குடித்த, இந்த நொதி குறைந்தவர்களுக்கு இப்படிச் சிவப்பணு சிதைவு ஏற்பட்டதை 1990-களில் அந்நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் முளைக்கும் அதே செடிதான் அது.

வயிற்றுப் பூச்சியைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். தூக்கத்தில் பல் கடித்தால் பூச்சி இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு சொல்லப்படும் நம்பிக்கை; அதை அடையாளமாகக் கொள்ள முடியாது. பூச்சி இருந்தாலும் அதற்கு எளிய மருந்து கையருகில் இருக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மென்று சாப்பிட வேண்டும். உங்கள் மகன் கடைசியாக எப்போது அதைச் சாப்பிட்டான் என்று வகுப்பாசிரியரைக் கேட்டாலே இந்த விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

சகோதரி, உங்களிடம் இரண்டு கேள்விகள். மகன் பிறந்தபோது மஞ்சள் காமாலை கண்டு விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்களா? உங்கள் பிறந்த வீட்டில், குறிப்பாக உங்கள் சகோதரர்களிலோ தாய்மாமன்களிலோ, ஏதாவது மாத்திரை சாப்பிட்ட பிறகு சிறுநீர் நிறம் மாறி, இரத்தம் குறைந்து, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டா?


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: திருப்பாதிரிப்புலியூர் வாசகி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செடியைப் பார்த்துவிட்டேன், கிண்ணம் போன்ற செதில்கள் தெளிவாக இருக்கின்றன. ஆகவே குப்பைமேனிதான். சாக்கடை ஓரத்தை விட்டுவிட்டு மாடியில் தொட்டி வைக்கலாம் என்று நினைத்தேன், எதிர் வீட்டுப் பூனையை நினைத்து யோசனையாக இருக்கிறது.

செவிலியர் அவர்களின் கேள்வியைப் படித்ததும் என் தம்பியின் நினைவு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் கட்டட வேலை மேற்பார்வையில் இருந்தபோது அவனுக்கு மலேரியா வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு, மீண்டும் வராமல் இருப்பதற்கென்று பதினான்கு நாள் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று நான்கு நாட்களுக்குள் சிறுநீர் கறுத்து, எழுந்து நிற்க முடியாமல் போய், மருத்துவமனையில் இரத்தம் ஏற்றும்படி ஆயிற்று. மலேரியாவின் கடுமை என்றுதான் இதுவரை நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த மாத்திரையை இனி சாப்பிடக் கூடாது என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்ததாக அம்மா சொல்கிறார். என் மகனுக்குப் பிறந்த மூன்றாம் நாள் காமாலை கண்டு இரண்டு நாட்கள் விளக்கில் வைத்தார்கள். அது எல்லாக் குழந்தைகளுக்கும் வருவதுதான் என்று அப்போது சொல்லப்பட்டது. இவற்றுக்கும் குப்பைமேனிக்கும் தொடர்பு இருக்கிறதா?


மறுமொழி 5
எழுதியவர்: இரவுப்பணிச் செவிலி, புதுச்சேரி

தொடர்பு இருக்க வாய்ப்புண்டு. பதற வேண்டாம், ஆனால் உள்ளுக்குக் கொடுக்கும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

மலேரியா மீண்டும் தலைகாட்டாமல் இருக்கப் பதினான்கு நாள் கொடுப்பது வழக்கமாகப் பிரைமாகுயின் என்ற மாத்திரை. ஜி6பிடி குறைந்தவர்களின் சிவப்பணுக்களைச் சிதைப்பதில் பெயர் பெற்றது அதுதான். உங்கள் தம்பிக்கு நேர்ந்தது அப்படியே அந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது. இந்தக் குறை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. தம்பிக்கு அது இருப்பது உறுதியானால், உங்கள் தாயார் அதைச் சுமந்திருக்கிறார் என்று பொருள். நீங்கள் சுமக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. உங்கள் மகனுக்கு அது இறங்கியிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பிறந்தவுடன் வந்த காமாலை தனியாக எதையும் உறுதி செய்யாது. பல குழந்தைகளுக்கு அது வந்து போகும். என்றாலும் தம்பியின் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது ஒதுக்கித் தள்ளக் கூடியதும் அல்ல.

பெரிய மருத்துவமனைகளிலும் நல்ல இரத்தப் பரிசோதனைக் கூடங்களிலும் ஜி6பிடி அளவைப் பார்க்க முடியும். குழந்தை இப்போதுபோல நலமாக இருக்கும்போதே பார்ப்பதுதான் சரி. சிவப்பணுக்கள் சிதைந்து கொண்டிருக்கும் நேரத்தில் பார்த்தால், குறையுள்ள பழைய அணுக்கள் உடைந்து போய், நொதி மிகுந்த புதிய அணுக்கள் எஞ்சியிருப்பதால், முடிவு இயல்பு போலக் காட்டி ஏமாற்றிவிடக் கூடும். முடிவு கையில் கிடைக்கும்வரை, வெளிப்பூச்சும் அந்தத் திறந்த புண்களின் மேல் வேண்டாம் என்பேன். குப்பைமேனி தோல் வழியாக இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருதாணி தோல் வழியாகவே இக்குறையுள்ள குழந்தைகளுக்குச் சிவப்பணு சிதைவை உண்டாக்கியிருக்கிறது; அது மருத்துவ இதழ்களில் பதிவான செய்தி. ஆகவே விழாவுக்குக் கையில் வைக்கும் மருதாணியையும், துணி அலமாரியில் போடும் பாச்சை உருண்டையையும் கூட அவனிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

சிரங்குக்கு மருத்துவர் பெரும்பாலும் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு எழுதுவார். ஜி6பிடி குறைந்தவர்களுக்கு அதனாலோ அல்பெண்டசோலாலோ இந்தச் சிக்கல் வருவதில்லை; இருந்தாலும் தம்பியின் கதையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். களிம்பு போடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண், தொப்புள், விரல் இடுக்கு எதையும் விடாமல் இரவில் தடவி, காலையில் குளிப்பாட்ட வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை தடவ வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே இரவில் தடவிக்கொள்ள வேண்டும். பேரனைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளும் மாமியாரும், இரு பக்கமும் சேராத உங்கள் கணவரும் இதில் அடக்கம். மனித உடம்பை விட்டு வெளியே வந்த உண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பிழைக்காது என்பதால், படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். உண்ணி செத்த பிறகும் அரிப்பு இரண்டிலிருந்து நான்கு வாரம் நீடிப்பது இயல்பு. மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி களிம்பு தடவி, தோலை எரிச்சலாக்கிக் கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பியும் ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டு, முடிவைச் சீட்டாகச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது அவருக்கு நல்லது.


மறுமொழி 6
எழுதியவர்: கெடிலக்கரை

இலங்கைச் செய்தி எனக்குப் புதிது. தம்பியின் கதையைக் கேட்ட பிறகு, இந்தக் குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுங்கள் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும், ஒரு பொருள் சிலருக்கு ஆகாது என்பதற்காக மூலிகையே நஞ்சு என்று நாளை யாரும் எழுதிவிட வேண்டாம். அந்த மலேரியா மாத்திரையும்தானே சிலருக்கு ஆகவில்லை?


மறுமொழி 7
எழுதியவர்: ஓய்வுபெற்ற சித்த மருந்தாளுநர், வில்லியனூர்

கெடிலக்கரை சொல்வது நியாயமான பேச்சு. ஆகாதவர்களுக்கு ஆகாது என்று மாத்திரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதைப் போலவே நாமும் குப்பைமேனியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுத வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் காலத்தில் இந்த நொதியின் பெயர் வைத்தியர் வீடுகளில் தெரியாது. சாறு கொடுத்த பிறகு ஒரு பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால், காமாலை கண்டது என்று சொல்லி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருப்பார்கள். எது எதனால் வந்தது என்று இணைத்துப் பார்க்க வழி இருந்திருக்காது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைவை நான் இதனால்தான் முழுச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மா, உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லும்போது, குப்பைமேனி கெட்டது என்று தொடங்காதீர்கள். உங்கள் தம்பியின் உடம்புவாகு பையனுக்கும் இருக்கலாம், அந்த உடம்புக்கு இந்த மூலிகை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லுங்கள். உடம்புவாகு பார்த்து மருந்து என்பது அவர் நன்கு அறிந்த பேச்சு, மறுக்க மாட்டார். பறித்த இலை வீணாகிறதே என்று அவர் வருந்தினால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த வயதில் முழங்கால் வலி இல்லாதவர்கள் குறைவு. சுத்தமான இடத்தில் பறித்த இலையின் சாற்றை நல்லெண்ணெயில் மேலே சொன்ன பதத்தில் காய்ச்சி, இளஞ்சூட்டில் முழங்காலில் தேய்த்து, சிறிது நேரம் கழித்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு தடவி, தோல் தடிக்கிறதா, அரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். வீட்டில் சிரங்குக் களிம்பு தடவும் அந்த வாரத்தில் மட்டும் எண்ணெயை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் களிம்பு சரியாகப் பிடிக்காது. காய்ச்சிய எண்ணெயை ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, மேலே பெயரை எழுதி, பையனின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தலைக்குத் தடவும் எண்ணெய்க் குப்பியின் பக்கத்தில் வைக்க வேண்டாம். நிறம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும்.